அமைதிப்படைக் கதையில் யாருக்குப் பங்கு?

சென்னையில் ஒரு கூட்டம். அமைதிப்படை ஈழத்தில் என்ன செய்தது என்று மூன்று பேர் பேசினார்கள். மூவரும் அந்த நாட்களில் தெருவில் நின்று முழக்கம் போட்டவர்கள், சிறைக்குப் போனவர்கள். அவர்கள் பேச்சில் பொய் இல்லை. கேள்வி நேரம் வந்தபோது நான் எழுந்து கேட்டேன்: “1987 ஒப்பந்தத்துல யாழ்ப்பாணத்துப் பஞ்சமருக்கு என்ன எழுதியிருந்துச்சு? கிழக்கு முஸ்லிம்கிட்ட யார் போய் சம்மதம் கேட்டாங்க?” தலைமை வகித்தவர் சிரித்தார். “தங்கச்சி, வீடு பத்தி எரியறப்ப எந்த ரூம்ல யார் படுக்கறதுன்னு கேக்கலாமா?” கைதட்டல். மைக் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

ராத்திரி பொன்னேரி வண்டியில் திரும்பும்போது அந்த உவமைதான் உறுத்திக்கொண்டே வந்தது. எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு உவமையை உவமையாகப் பார்க்கத் தெரியும். அந்த வீட்டில் எங்களுக்கு ரூம் ஏது? திண்ணையே கிடையாது. கொல்லைப்புறத்தில் நிற்பவளிடம் வந்து “நம்ம வீடு எரியுது” என்று சொன்னால், அந்த ‘நம்ம’ எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கத்தான் செய்வாள். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் மிச்சம். மேடையில் கிடைக்காத நேரத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நான் பழவேற்காடு ஏரிக்கரைத் தோணிரேவுக்காரி. (ரேவு என்பது தெலுங்கு, தோணி தமிழ். எங்கள் ஊர்ப் பெயரிலேயே இரண்டு மொழி சண்டை போடாமல் கிடக்கிறது.) அமைதிப்படையின் கடைசிக் கப்பல் 1990 மார்ச் 24இல் திருகோணமலையை விட்டுக் கிளம்பியபோது நான் பிறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மூண்ட போரில் உயிர் தப்பி ராமேசுவரம் வந்து, கும்மிடிப்பூண்டி முகாமில் தங்கிப்போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். எங்களூரிலிருந்து ரொம்பத் தூரமில்லை. இந்த விஷயத்தில் எனக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களுக்கு இவ்வளவுதான் பதில்.

இன்னொரு பதிலும் உண்டு, அது ஏரியில் இருக்கிறது. எங்கள் ஏரியில் ‘பாடு’ என்று ஒரு ஏற்பாடு. இன்ன துறையில் இன்ன நாள் இன்னார் வலை கட்டலாம் என்று குலுக்கிப் போட்டு முறை பிரித்துக்கொள்வது. வெளியிலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்து மயங்கிப் போவார்கள். எவ்வளவு நியாயம், எவ்வளவு சமத்துவம், போலீஸ் இல்லாமல் கோர்ட் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று. உண்மைதான், உள்ளே இருப்பவர்களுக்குள் நியாயம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தக் குலுக்கலில் பேர் இருப்பது பட்டினவர் ஊர்கள் சிலவற்றுக்கு. எங்கள் தெருவுக்கும் இருளர் குடிசைக்கும் அந்தச் சீட்டில் பேர் கிடையாது. எங்கம்மா இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்துத்தான் என்னைப் படிக்க வைத்தது. அமைதிப்படைக் கதையை ஒருநாள் அம்மாவுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அதாண்டி, பாட்டுல பேரு இல்லாதவனாண்ட வந்து, சண்ட தீந்துபோச்சு, எல்லாரும் சந்தோசமா இருங்கன்னா, அவன் இன்னாத்துக்கு சந்தோசப்படுவான்?” என்றது. அதற்கு மேல் கேட்கவில்லை. வலைக்காரன் வீட்டுக்குக் கடன் கொடுக்கப் போய்விட்டது.

1987 ஜூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். இலங்கை பல இனங்கள் வாழும் நாடு என்று ஆரம்பத்திலேயே ஒத்துக்கொள்கிறது. சிங்களர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் என்று நான்கு பேரை எண்ணுகிறது. எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டே பேர், இரண்டு அரசாங்கம். வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக ஒன்றாக்குவது, 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கில் வாக்கெடுப்பு நடத்திக் கேட்பது என்று எழுதினார்கள். அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த இணைப்பே செல்லாது என்றது. 2007 ஜனவரி 1 முதல் வடக்கு வேறு, கிழக்கு வேறு.

கையெழுத்துப் போட்ட ஜெயவர்த்தனா யார் என்பதையும் மறக்கக்கூடாது. 1978இல் எல்லா அதிகாரத்தையும் ஜனாதிபதி நாற்காலிக்கு இழுத்துக்கொண்டவர். 1982 டிசம்பரில் தேர்தலே வைக்காமல், ஒரு வாக்கெடுப்பைக் காட்டி நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருஷம் நீட்டியவர். 1983இல் ஆறாவது திருத்தம் கொண்டுவந்து, பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யாத தமிழ் எம்.பி.க்கள் சபையில் உட்கார முடியாமல் செய்தவர். சர்வாதிகாரி என்ற பெயர் மட்டும் வாங்காதவர். அப்படிப்பட்ட ஆட்சியில் ஊர்க்காரன் குரல் முதலில் அழியும்; துப்பாக்கி வைத்திருப்பவன் குரல் மட்டும் மிஞ்சும். வெளியிலிருந்து நாட்டாமைக்கு வருகிறவன் அந்தக் குரலைத்தான் மக்கள் குரல் என்று எடுத்துக்கொள்வான். இந்தியா அதைவிட ஒருபடி மேலே போனது. அந்தத் துப்பாக்கிகளில் பலவற்றைக் கொடுத்ததே அதுதான். 1983க்குப் பிறகு ஒரு இயக்கத்துக்கு அல்ல, பல இயக்கத்துக்கும் பயிற்சி கொடுத்தது. 1986இல் புலிகள் டெலோ பையன்களைத் தெருவில் போட்டுக் கொன்றபோது, கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் பயிற்சி கொடுத்த நாடு ஒன்று.

1987 ஜூலை 30இல் படை இறங்கியபோது சனங்கள் மாலை போட்டார்கள். அக்டோபர் 10இல் போர். அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளி, டாக்டர், நர்ஸ், பணியாள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டது அமைதிப்படை. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறை. இந்தியச் சிப்பாய்களும் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும்.

இனி புத்தகங்களுக்கு வருகிறேன். விமர்சனம் எழுதவந்தவள் இவ்வளவு நேரம் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தியத் தரப்புப் புத்தகங்கள் முதலில். கொழும்பில் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் 1998இல் எழுதினார். படைக்குத் தலைமை தாங்கிய ஹர்கிரத் சிங் 2007இல் எழுதினார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தூதரகம் தப்பு, உளவுத்துறை தப்பு, டில்லி தப்பு என்று படைக்காரர் சொல்வார். தூதருக்கு அவருடைய நியாயம். ஒரே அலுவலகத்தில் ஃபைல் தொலைந்துபோனால் நடக்கும் சண்டை மாதிரியே இருக்கும். இந்தச் சண்டையில் யாழ்ப்பாணம் ஒரு வரைபடம். யார் தோட்டத்தில் யார் கூலி, யார் கிணற்றில் யார் வாளி போடலாம், யார் வீடு சாலையோரம், யார் குடிசை வயல் நடுவில் குண்டு விழுகிற இடத்தில் என்பதெல்லாம் அவர்கள் யோசனையில் எடை பெற்ற இடம் என் கண்ணில் படவில்லை. ‘தமிழர்’ என்று ஒரு மூட்டை. அந்த மூட்டையை யார் தோளில் ஏற்றுவது, புலிகள் தோளிலா ஈ.பி.ஆர்.எல்.எஃப். தோளிலா, என்பதுதான் பிரச்சினை.

தமிழ்நாட்டில் நம்மவர் எழுதியதும் பேசியதும் இதற்கு நேர் எதிர் என்று நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க, மூட்டை அதே மூட்டை என்று தெரிந்தது. அவர்கள் சந்தேகத்தோடு பார்த்ததை இவர்கள் கண்ணீரோடு பார்த்தார்கள், அவ்வளவுதான். ‘மெட்ராஸ் கஃபே’ படம் 2013இல் வந்தபோது இங்கே எதிர்ப்பு கிளம்பி, தியேட்டரில் ஓடவில்லை. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. டில்லியின் கண்ணால் பார்த்த படம் அது. ஆனால் யாழ்ப்பாணத்தின் கண் என்று இவர்கள் வைத்திருப்பது யாருடைய கண்? 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் உள்ளே விடு என்று நின்றவர்களின் கண்ணா, வாசலை மறித்தவர்களின் கண்ணா?

அங்கிருந்து வந்த எழுத்துதான் என்னைக் காப்பாற்றியது. ‘முறிந்த பனை’. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் நான்கு பேர், போர் நடக்கும்போதே, அந்த ஊரிலேயே உட்கார்ந்து எழுதினார்கள். இந்தியப் படையின் கொலை, அந்தப் படை பெண்களுக்குச் செய்தது, புலிகளின் கொலை, மற்ற இயக்கங்களின் கொலை எதையும் மறைக்கவில்லை. நால்வரில் ஒருவரான ராஜினி திராணகமவை 1989 செப்டம்பர் 21இல் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொன்றார்கள். இந்தப் புத்தகத்தைக் குறை சொல்ல எனக்குக் கை வராது. ஆனால் விமர்சனம் என்றால் சொல்லித்தான் ஆகணும். சாதி அதில் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது, ஓரத்தில் வந்து போகிறது. நடுவில் நிற்பது படித்த யாழ்ப்பாணத்தின் மனசாட்சி. அது பெரிய மனசாட்சிதான்.

ஓரத்தை நடுவுக்கு இழுத்தவர்கள் வேறு. கே. டானியல் 1972இலேயே ‘பஞ்சமர்’ எழுதிவிட்டார். ஒப்பந்தத்தைப் பார்க்க அவர் இல்லை. 1986 மார்ச்சில் நம் தஞ்சாவூரில் செத்து அங்கேயே புதைக்கப்பட்டார். ‘இந்தச் சண்டை முடியட்டும், அப்புறம் சாதியைப் பார்க்கலாம்’ என்பவர்களுக்கு டானியல் நாவல்கள் ஏன் கசக்கின்றன என்று இப்போது புரிகிறது. ‘அப்புறம்’ என்ற சொல்லை அவர் நம்பவே இல்லை. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் வந்தது. பிரான்சில் அகதி மனுவாகத் தொடங்கும் நாவல் அது. வெள்ளைக்கார அதிகாரி நம்பும்படி தன் வாழ்க்கையை நம்பர் போட்டு எழுத வேண்டிய நிலைமை. இயக்கத்தில் சேர்ந்த தீவுப் பையன் இயக்கத்தாலேயே சித்திரவதைப்பட்டவன். அவன் எந்த மூட்டையிலும் அடங்குவதில்லை. தமிழ்நாட்டில் இந்த நாவலின் சிரிப்பைப் பாராட்டினார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதை அவ்வளவாகப் பேசவில்லை.

முகாமில் ஒரு அம்மா. எழுபது வயதுக்கு மேல். வலிகாமத்துப் பக்கம். பேர் வேண்டாம். 87 அக்டோபரில் ஷெல்லுக்குப் பயந்து ஊரே ஒரு கோயிலுக்கு ஓடியதைச் சொன்னார். “உள்ளுக்கு விட்டவை, பிள்ளை. அண்டைக்கு விட்டவைதான். ஆனா கிணத்தில வாளி போட விடேல்லை. தாங்கள் அள்ளி ஊத்துறம், கையை ஏந்துங்கோ எண்டினம். மேல ஹெலிகொப்டர் சுத்துது, கீழ நான் கையை ஏந்திக்கொண்டு நிக்கிறன்.” சென்னைக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய உவமைக்கு இந்த அம்மா முப்பத்தஞ்சு வருஷத்துக்கும் முன்னாலேயே சாட்சி. வீடு பற்றி எரியும்போதும் ரூம் கேட்டுக்கொண்டிருந்தது யார்?

இதே அம்மாவின் தம்பியை 1989இல் சந்தைக்குப் போன இடத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்தது புலிகள் இல்லை. இந்தியப் படையின் தயவில் மாகாண ஆட்சியில் இருந்தவர்கள். 1988 நவம்பர் தேர்தலில் வடக்கில் போட்டியே இல்லை, ஈ.பி.ஆர்.எல்.எஃபும் ஈ.என்.டி.எல்.எஃபும் இடங்களைப் பிரித்துக்கொண்டன. வரதராஜப்பெருமாள் முதலமைச்சர். கிழக்கில் அஷ்ரஃபின் முஸ்லிம் காங்கிரஸ் நின்று எதிர்க்கட்சி ஆனது. படை திரும்பப் போகிறது என்று தெரிந்ததும் தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றை அவசர அவசரமாகக் கட்டினார்கள். ஆள் சேராததால் தெருவில் பிடித்தார்கள். “காசு உள்ளவை பெடியளைக் கொழும்புக்கும் கனடாவுக்கும் அனுப்பிப் போட்டினம். எங்களிட்டை ஏது காசு?” பிரேமதாசா ஒரு பக்கம் புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தார், இந்தியா இன்னொரு பக்கம் இந்தப் பையன்களுக்குக் கொடுத்தது. படை கப்பலேறியது. பையன்கள் அங்கேயே நின்றார்கள். தம்பி திரும்பவில்லை. அவன் எந்தப் பட்டியலில் இருப்பான்? மாவீரர் பட்டியலில் இல்லை. இந்தியத் தியாகிகள் பட்டியலில் இல்லை. துரோகி என்ற பட்டியலில் மட்டும் இடமிருந்தது.

அடுத்த மூட்டை முஸ்லிம்கள். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடியில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்து வெளியேறச் சொன்னார்கள். வடக்கு மாகாணத்திலிருந்து எழுபத்தைந்தாயிரம் பேர் அளவில் போனார்கள். தமிழ்நாட்டில் இதற்காக எத்தனை கூட்டம் நடந்தது? எங்கள் பழவேற்காட்டு முஸ்லிம்கள் தங்கள் முன்னோர் அரபு நாட்டிலிருந்து தோணியில் வந்ததாகச் சொல்வார்கள், பேசுவது சுத்தத் தமிழ். நாளைக்கு எவனாவது வந்து இரண்டு மணி நேரம் கொடுத்தால் ‘நம்ம வீடு’ என்று யார் ஓடுவோம் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்த மூட்டைக் கணக்கு இந்தியா கண்டுபிடித்தது இல்லை. எங்கள் ஊரில் 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய அதே டச்சுக் கம்பெனி (அந்தக் கோட்டை வழியாகத்தான் எங்கள் கரையோரத்து ஏழைகளை ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள், இன்று டூரிஸ்டுகள் கல்லறையை மட்டும் போட்டோ எடுக்கிறார்கள்) யாழ்ப்பாணத்தையும் பிடித்தது. அங்கே 1707இல் தேசவழமை என்ற சட்டத்தைத் தொகுத்தபோது சரிபார்க்கச் சொன்னது யாரிடம்? பன்னிரண்டு முதலியார்களிடம். கோவியரும் நளவரும் பள்ளரும் அதில் அடிமைகள் என்ற தலைப்பின் கீழ் வந்தார்கள். ஊர் வழக்கம் என்னவென்று அந்நியன் கேட்டான், ஊர்ப் பெரியவன் சொன்னான், சட்டமாகிவிட்டது. 1964இல் சாஸ்திரியும் சிறீமாவோவும் உட்கார்ந்து மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்களே, அதுவும் இதே கணக்குதான். அந்தத் தேயிலைத் தோட்டத்துச் சனத்தில் பெரும்பாலோர் யார் என்பதை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஈராக்கைப் பாருங்கள். 2003 ஏப்ரலில் சதாம் விழுந்தான். மே மாதம் அமெரிக்கா அந்த நாட்டுப் படையைக் கலைத்தது. ஜூலையில் 25 பேர் ஆட்சிக்குழு ஒன்றை நியமித்தது. ஷியா 13, சுன்னி 5, குர்து 5, துருக்மான் 1, கிறித்தவர் 1. இதை அந்த ஊரில் ‘முஹாசஸா’ என்கிறார்கள், பங்கு போடுதல். உருதுக்காரர் சொல்லும் ஹிஸ்ஸாவும் இதே வேர். சர்வாதிகாரி போனான், அவன் இடத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குட்டிச் சர்வாதிகாரி. 2006 பிப்ரவரியில் சாமர்ராவின் தங்கக் கோபுரம் தகர்க்கப்பட்ட பிறகு தெருவில் பேரைக் கேட்டுக் கொன்றார்கள். பாஸ்ராவில் கறுப்பு ஈராக்கியர் இருக்கிறார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். இன்றும் ‘அப்த்’, அடிமை, என்று கூப்பிடுகிறார்கள். மதத்தில் முஸ்லிம், மொழியில் அரபு. அதனால் எந்தச் சிறுபான்மை ஒதுக்கீட்டிலும் அவர்களுக்கு இடமில்லை. அதைக் கேட்ட அவர்கள் தலைவர் ஜலால் தியாப் 2013 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ‘தமிழர்’ என்ற மூட்டைக்குள் பஞ்சமன் எப்படிக் காணாமல் போகிறானோ, ‘ஷியா’ என்ற மூட்டைக்குள் பாஸ்ராக் கறுப்பன் அப்படிக் காணாமல் போகிறான். 2019 அக்டோபரில் இந்தப் பங்கு ஆட்சி வேண்டாம் என்று பாக்தாதில் இளைஞர்கள் இறங்கினார்கள், நூற்றுக்கணக்கில் சுடப்பட்டார்கள்.

இங்கே என் கால் எனக்கே இடறுகிறது. பங்கே தப்பு என்று சொல்கிற ஆளா நான்? இட ஒதுக்கீட்டில் படித்தவள். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கர் கேட்டது தனிப் பங்குதானே? அதை ஒரு அந்நிய அரசாங்கத்திடம்தானே கேட்டார்? 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு லண்டனிலிருந்து வந்தது. செப்டம்பரில் பூனாவில் அதை நம்மிடமிருந்து பிடுங்கியது ஊர்ப் பெரியவர்களின் ஒற்றுமை. யாழ்ப்பாணத்திலும் அப்படியே. எல்லாருக்கும் ஓட்டு என்பதை டொனமூர் குழு கொண்டுவந்தபோது பொன்னம்பலம் ராமநாதன் போன்ற தமிழ்த் தலைவர்கள் எதிர்த்தார்கள். 1931இல் பஞ்சமர் கைக்கு ஓட்டு வந்தது அந்நியனால். ஆக, அந்நியன் தலையிட்டான் என்பதை மட்டும் வைத்து ஒப்பாரி வைக்க என்னால் முடியாது. அந்த மூன்று பேச்சாளர்களோடு நான் பிரியும் இடம் இதுதான். வந்தவன் யாரைக் கூப்பிட்டுப் பேசினான்? பங்கை வாங்கியவன் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது? தனித் தொகுதியில் அம்பேத்கர் தேடியது இந்தக் கணக்கைத்தான்: எங்கள் ஓட்டில் ஜெயித்தவன் எங்களுக்குப் பதில் சொல்லட்டும் என்று. 1988இல் வடக்கில் போட்டியில்லாமல் உட்கார்ந்தவர்கள் யாருக்குப் பதில் சொன்னார்கள்? எதிர்த்து நின்ற புலிகள் யாருக்குச் சொன்னார்கள்?

போர் முடிந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பாருங்கள். வலிகாமம் வடக்கில் ராணுவப் பாதுகாப்பு வலயத்துக்காகத் துரத்தப்பட்டவர்களில் நிலமும் சொந்தமும் உள்ளவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். பல காலம் அங்கே முகாம்களில் மிஞ்சிக் கிடந்தவர்கள் பெரும்பாலும் பஞ்சமர். சொந்தக் காணி இல்லாதவனுக்கு எந்தக் காணியைத் திருப்பிக் கொடுப்பது என்று அரசாங்கத்துக்கும் தெரியவில்லை, தமிழ்க் கட்சிகளுக்கும் தெரியவில்லை. கும்மிடிப்பூண்டி அம்மாவும் அதைத்தான் கேட்கிறார்: “திரும்பிப் போ எண்டு சொல்லினம் பிள்ளை. ஆற்றை காணிக்கு?”

அடுத்த மாதம் அதே மண்டபத்தில் இன்னொரு கூட்டம், பேச்சாளர்களும் அவர்களே. போவேன். அந்த அம்மாவையும் கூட்டிப்போகலாம் என்று நினைத்து முகாமில் கேட்டேன். எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், ராத்திரி தங்காமல் திரும்பிவிட வேண்டும் என்றார்கள். கூட்டத்தை மாலை ஆறரைக்கு வைத்திருக்கிறார்கள். காலையில் வையுங்கள் என்று அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.